பதினேழு பல்

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வேலையிலிருந்து வருவார். முகம் கழுவுவது, ஒரு வாய் காபி குடிப்பது எல்லாம் அப்புறம்தான். முதல் வேலை, வாசலில் நிற்கும் காருக்குள் தலையை நுழைப்பது. சட்டைப்பையிலிருந்து கைக்கு அடக்கமான நோட்டு ஒன்றை எடுத்து, மீட்டரில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, நேற்றைய எண்ணை அதிலிருந்து கழிப்பார். விடை இருபத்தெட்டு என்று வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவார். வராவிட்டால் செருப்போடு வருவார்.

அடுப்படியில் நிற்கும் அவர் மனைவி அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதுமே அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவாள்.

ஏன் இருபத்தெட்டு? வீட்டிலிருந்து அவள் வேலை செய்யும் மருத்துவமனைக்குப் பதினாலு கிலோமீட்டர். போக வர இருபத்தெட்டு. வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரில் மூன்று முறை போய் வந்து அளந்து வைத்த கணக்கு அது. அவளுக்கு அங்கே சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் வண்டி அழுக்குத்துணி வந்து இறங்கிவிடும். ரத்தக்கறை பட்டதைத் தனியாகப் பிரிக்க வேண்டும், துவைத்ததை உலர்த்த வேண்டும், சூடான இஸ்திரி உருளைக்குள் விரிப்பைக் கொடுத்து மறுபக்கம் வாங்கி மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். விடியற்காலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதால் பல வருஷம் வீட்டுக்காரரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அவருக்கு முதுகுவலி வந்த பிறகுதான் கார் பேச்சே எழுந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். “சாவி கையில இருந்தா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்குக்கா” என்று அக்காவிடம் போனில் சொன்னாள். ஆயுசில் அவள் அடித்த பெருமை மொத்தமே அவ்வளவுதான்.

கார் பழசு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் வாங்கியது. மீட்டரில் அறுபத்திரண்டாயிரம். “வாரத்துல ஒரு நாள், கடைக்கும் டாக்டர்கிட்டயும்தான் எடுப்பேன்” என்றார் வாத்தியார். வீட்டுக்காரர் பூரித்துப்போனார். அவர் ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிறவர். பெட்டிக்குப் பெட்டி டிக் அடித்து அடித்து அங்கே அவருக்கு ‘டிக்கு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. டிக்குவை ஏமாற்றி ஒரு ஆணியைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார், எண் நகரவே இல்லை. அறுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டில் குத்துக்கல்லாட்டம் நின்றது. மீட்டர் செத்து எத்தனை வருஷமோ! பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. டிரைவர் சீட் குழிந்து கிடந்தது. வாங்குகிற அன்றைக்கே எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்தன. மனிதர் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார்.

கிடங்கே சிரித்தது. “டிக்கு சார், உங்க வண்டி இன்னும் அறுபத்திரண்டுதானா? வயசே ஏறலையே!”

அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்துவிட்டது. நியாயப்படி வாத்தியார் மேல் பாய்ந்திருக்க வேண்டும். வாத்தியார் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு போய்விட்டார். பாய்வதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறு ஒருத்தி இருந்தாள்.

பழைய வண்டிகளை உடைக்கும் இடத்துக்கு அவரே போனார். எண்ணெய்ப் பிசுக்கேறிய உதிரிபாகக் குவியலை அவரே கிளறி ஒரு பினியன் பொறுக்கினார். கியர்பாக்ஸோடு சேர்ந்து சுழன்று, கேபிள் வழியாக மீட்டரை ஓட்டுகிற சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம் அது. அங்கேயே ஒருவனைப் பிடித்து மாட்டிக்கொண்டும் வந்தார். மீட்டர் ஓடியது. “இனிமே ஒரு அடி தூரம்கூட என் கண்ணுக்குத் தப்பாது” என்றார். அவள்கூடச் சிரித்தாள், பாவம். காரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தாள்.

மறுநாள் மீட்டர் முப்பத்து மூன்று காட்டியது.

“அஞ்சு கிலோமீட்டர் எங்க போன?”

“எங்கயும் போகலைங்க. நேரா போனேன், நேரா வந்தேன்.”

“நேரா போனா இருபத்தெட்டு. அஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுதா?”

அடுத்த நாளும் முப்பத்து மூன்று. அதற்கு அடுத்த நாளும். “மீட்டர்தான் தப்பா காட்டுதோ என்னவோ” என்று மெல்ல இழுத்தாள். நான் பார்த்துப் போட்ட பினியன் தப்பா காட்டுமா என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கை நீண்டுவிட்டது. கல்யாணமான இருபது வருஷத்தில் அது முதல் தடவை அல்ல. ஆனால் ஒரு எண்ணுக்காக வாங்கியது அதுதான் முதல்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அவளுக்கே தன் மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. எங்கேயாவது சுற்றிக்கொண்டு போகிறோமோ? திருப்பத்தில் அகலமாகத் திருப்புகிறோமோ? மருந்துக்கடையில் நிறுத்துவதை விட்டாள். அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அக்கா வீடு மருத்துவமனைக்குப் பின்பக்கம் மூன்று கிலோமீட்டர். “பக்கத்துலதான இருக்கே, ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா?” என்று அக்கா போனில் கேட்டாள். வேலை அதிகம் என்று மென்று விழுங்கினாள். போக வர ஆறு கிலோமீட்டரை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியில் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். வழியில் ஒரு தண்ணீர்த்தொட்டி உண்டு. வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரும்போது மீட்டர் சரியாகப் பதினாலு ஏறியிருக்கும். அதற்கப்புறமும் மருத்துவமனைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. தொட்டியடியில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு மீதித் தூரத்தை நடந்தாள். இருபத்தைந்து நிமிஷ நடை. வீட்டுக்காரர் தூங்கும்போதே அரைமணி முன்னதாகக் கிளம்பிவிடுவாள். மதியம் திரும்ப அங்கே நடந்து வந்து காரை எடுப்பாள். அன்றைக்குச் சாயங்காலம் நோட்டில் இருபத்தெட்டு விழுந்தது. வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“பார்த்தியா? கண்டிச்சா எல்லாம் தானா சரியாகுது.”

கார் வைத்துக்கொண்டு தினம் நாலு கிலோமீட்டர் நடக்கிற பைத்தியக்காரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவளுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை. வீட்டில் சத்தம் அடங்கியது. ராத்திரிச் சாப்பாடு தொண்டையில் இறங்கியது. பதினோரு வாரம் நடந்தாள்.

பன்னிரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் வழுக்கி விழுந்து வலது முட்டியில் நல்ல அடி. மறுநாள் காலை ஊன்றவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் மருத்துவமனை வரை காரிலேயே போனாள். சாயங்காலம் செருப்புச் சத்தம் அடுப்படி வரை வந்தது.

“முப்பத்து மூணு. ரெண்டரை மாசம் ஒழுங்கா இருந்தே, பழைய புத்தி திரும்பிடுச்சு.”

“முட்டி வலிக்குதுங்க…”

“முட்டிக்கும் மீட்டருக்கும் என்னடி சம்பந்தம்? இன்னொரு தடவை இருபத்தெட்டுக்கு மேல காட்டட்டும், சாவி என் பைக்கு வந்துடும். வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எழுதிக் குடுத்துட்டு வீட்டோட கிட.”

அவர் சொன்னால் செய்வார். சாவி போனால் வேலை போகும். வேலை போனால் காலையிலிருந்து மாலை வரை அந்த வீடு, மாலையிலிருந்து காலை வரை அவர். இரவு முழுக்க அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் தொட்டியடியில் நிறுத்திவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தாள். மதியம் திரும்பி வரும்போது கால் இழுத்தது. தொட்டிக்கு எதிரே தகரக்கூரை போட்ட ஒரு கார் மெக்கானிக்கின் பட்டறை இருந்தது. மெக்கானிக் அவள் வயதுக்காரர்தான், தாடையில் எப்போதும் கிரீஸ் கறை இருக்கும்.

“ஏம்மா, தினம் மத்தியானம் நடந்து வந்து வண்டி எடுக்கிறதைப் பார்க்கிறேன். உடம்பு இளைக்கத்தான் நடக்கிறீங்கன்னு நினைச்சேன். இந்தக் காலோட எதுக்கு நடை?”

அவளுக்கு என்ன தோன்றியதோ, நேராகப் பட்டறைக்குள் போய் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, என் வண்டி மீட்டர் அதிகமா ஓடுதான்னு பார்க்க முடியுமா?”

“அது என்ன பெரிய வேலை? இந்த ரோட்டுல கிலோமீட்டர் கல்லு நட்டிருக்கான். அஞ்சு கல்லு தூரம் போயிட்டு வருவோம், தெரிஞ்சிடும்.”

“ஐயையோ, வேண்டாம்ணே! அது மீட்டர்ல ஏறிடும்.”

மெக்கானிக் சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எதிரே நிற்கும் காரையும், வீங்கிய முட்டியையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார்.  சாவியை வாங்கிக் காரைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டார்ட் பண்ணாமல், தள்ளித்தான்.

வண்டிக்கடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றி, பினியனை உருவினார். துணியில் துடைத்து, ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து, அங்கிருந்து எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

“பதினேழு. உங்க வண்டிக்கு இருபது பல் இருக்கணும்மா. இது வேற மாடலோடது. பல் குறைஞ்சா வேகமா சுத்தும். நூறு ஓடினா நூத்திப் பதினெட்டு காட்டும். இதை எவன் போட்டான்?”

 அவள் மனதுக்குள் இருபத்தெட்டைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வந்தது. சுளையாக முப்பத்து மூன்று. அவள் எங்கேயும் சுற்றிப் போகவில்லை. அவளுக்குப் புத்தி பிசகவும் இல்லை. முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடுகிற மாதிரி டப்பாக்களை உருட்டினார்.

இருபது பல் பினியன் ஒன்று டப்பாவில் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க. இதைப் போடணுமா? கேபிளைக் கழற்றியே விட்டுடறேன். வண்டி பாட்டுக்கு ஓடும், மீட்டர் மட்டும் ஓடாது. பழைய வண்டிதானே, கேபிள் அறுந்துபோச்சுன்னா யாரா இருந்தாலும் நம்புவாங்க.”

“வேண்டாம்ணே. சரியா காட்டட்டும். சரியா காட்டினாத்தான் நான் தப்பிப்பேன்.”

மெக்கானிக் இருபது பல் பினியனோடு வண்டிக்கடியில் போனார். வெளியே வந்ததும் பதினேழு பல் பினியனைத் தாளில் மடித்துக் கொடுத்தார். தாளிலேயே, ‘17 பல். 20 இருக்க வேண்டும். 100க்கு 118 காட்டும்’ என்று எழுதித் தன் பெயரையும் போட்டிருந்தார். கோர்ட்டில் விடுதலையாகி வருகிறவள் மாதிரி அவள் வீட்டுக்கு வந்தாள். வழியில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தாள்.

மாலை ஆறு மணி. வீட்டுக்காரர் காருக்குள் தலையை நுழைத்தார். காலையில் பழைய பினியனில் பதினாலு, மதியம் புதிய பினியனில் பன்னிரண்டு, மொத்தம் இருபத்தாறு. இது அவர் நோட்டு காணாத எண். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க, சொல்றேன்” என்று அவளே கூப்பிட்டாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவரிடம் அவள் பயப்படாமல் பேசியது அன்றைக்குத்தான். தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். பல் கணக்கைச் சொன்னாள், நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டைச் சொன்னாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்லை எண்ணினார். எண்ணுவதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முகம் கறுத்தது. அந்தப் பினியனைக் குவியலிலிருந்து பொறுக்கியது யார் என்று சொல்லிக்காட்ட அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவ்வளவு தாராளமாக இருந்தாள் அந்த நேரம்.

அவர் நோட்டை எடுத்தார். கால்குலேட்டரை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, சிவப்புப் பேனாவால் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனார். அவள் காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

“முதல் ரெண்டு வாரம் முப்பத்து மூணு. திருத்தினா இருபத்தெட்டு. சரி. அப்போ நீ நேராத்தான் போயிருக்கே.”

“அதைத்தாங்க அன்னைக்கே சொன்னேன்.”

“இரு. அதுக்கப்புறம் பதினோரு வாரம் இருபத்தெட்டு. திருத்தினா இருபத்து நாலுகூட வரலை.” பேனாவைக் கீழே வைத்தார். “வேலைக்குப் போயிட்டு வந்தா இருபத்தெட்டு ஆகணும். வண்டி ஆஸ்பத்திரி வரைக்கும் போகவே இல்லை. எங்க நின்னுச்சு?”

அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. “தண்ணித்தொட்டிகிட்டங்க. அங்க நிறுத்திட்டு நடந்து போனேன்.”

“நடந்து?”

“மீட்டர் அதிகமா காட்டுதே, நீங்க கோவிச்சுக்கிறீங்களேன்னு…”

“கார் வச்சிருக்கிறவ நடந்தாளாம். தினம் ரெண்டு கிலோமீட்டர் போக, ரெண்டு கிலோமீட்டர் வர. இதை எவன்கிட்ட சொன்னா நம்புவான்? யார் கூட நடந்தே?”

“சத்தியமா தனியாத்தாங்க. வேணும்னா அந்தப் பட்டறை அண்ணனைக் கேளுங்க. எதிர்லதான் இருக்கார். மத்தியானம் நான் நடந்து வர்றதை அவர் தினம் பார்த்திருக்கார்.”

சொல்லி முடிப்பதற்குள் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஆனால் வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.

வீட்டுக்காரர் தாளைத் திருப்பி, அதிலிருந்த பெயரை நிதானமாகப் படித்தார். “தினம் பார்த்திருக்காரா. அவர் பட்டறை வாசல்லதான் வண்டி நின்னுச்சா. அவரே பல் எண்ணி, அவரே எழுதியும் குடுத்தாரா.” தலையை ஆட்டிக்கொண்டார். “பாரு, நீ யோக்கியமா இருந்த நாள்ல எல்லாம் நான் சண்டை போட்டிருக்கேன். என்னை ஏமாத்தின நாள்ல சந்தோஷமா செருப்பைக் கழட்டிட்டு வந்திருக்கேன்.”

அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. எழுந்து போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப்பையில் நோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “மாசக் கடைசி வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வரேன். லீவு சொல்லிக்கிறேன். அதுக்குள்ள வேலையை எழுதிக் குடுத்துடு.”

மறுநாள் விடியற்காலையில் அவரே காரை ஓட்டினார். தண்ணீர்த்தொட்டி வந்ததும் வேகத்தைக் குறைத்தார். பட்டறை பூட்டியிருந்தது. அவர் பூட்டைப் பார்த்தார், அவள் மடியைப் பார்த்துக்கொண்டாள். மருத்துவமனை முன்வாசலில் மீட்டர் அட்சரசுத்தமாகப் பதினாலு காட்டியது. நோட்டில் குறித்து, பக்கத்தில் டிக் அடித்தார்.

“ரெண்டு மணிக்கு இதே இடத்துல நிப்பேன். ரெண்டஞ்சு ஆகக் கூடாது.”

அன்று முழுக்க அவள் உருளைக்குள் விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டும் வாங்கி மடித்துக்கொண்டும் இருந்தாள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்டியாயிற்று. பல் எண்ணிக் காட்டியாயிற்று, சாட்சி சொல்லியாயிற்று. இனி அவரிடம் காட்ட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மணிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய தாளை எடுத்தாள். வேலையை விடுகிறேன் என்பதற்குப் பதில், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று எழுதி மேற்பார்வை அம்மாவிடம் கொடுத்தாள்.

இரண்டு மணிக்கு, சாப்பாட்டுப் பையும் உடுத்திய சேலையுமாக, துணி வண்டி வந்துபோகும் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். முன்வாசலில் கார் நிற்கும், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் நடந்தது. பதினோரு வாரப் பழக்கம். முட்டிதான் அடிக்கு அடி உயிரை எடுத்தது. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா வீட்டில் என்ன சொல்வார்களோ தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருமுறை போனபோது, அக்கா வீட்டு அத்தான் நல்ல வார்த்தை சொல்லி, தானே திரும்ப இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்.

கதவைத் திறந்தது அக்காதான். ஆபரேஷன் ஆன வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள்.

“வாடி… கார் எங்க? எப்படி வந்தே?”

“நடந்து வந்தேன்கா.”

“அவ்வளவு தூரமா? ஐயோ, முட்டியைப் பாரு எப்படி வீங்கியிருக்குன்னு! உட்காரு, முதல்ல உட்காரு.” குனியக் கூடாத உடம்போடு குனிந்து, அக்காவே அவள் செருப்பைக் கழற்றினாள்.

யார் கூட என்று அக்கா கேட்கவில்லை. நடந்தேன் என்றாள், நடந்தாள் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஒரு பல்லையும் எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். நேற்று ராத்திரியும் அதற்கு முந்தியும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பைக்குள் போன் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது.

அக்கா பையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு வந்தாள்.